பன்னிரண்டு பத்துக்கு எடுத்த படங்கள்

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 12, திங்கட்கிழமை. அன்று எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை ஓர் அலுவலகம் ‘தரிசு’ என்று அறிவித்தது. அறிவிப்பில் நான்கு ஒற்றுப்பிழைகள் இருந்தன. நான்கையும் சிவப்பு மையால் திருத்தினேன். ஐந்தாவது பிழையைத் திருத்த மையால் இயலவில்லை. நாற்பத்தொரு கல்லறைகள் உள்ள இடம் அவர்கள் வரைபடத்தில் வெறும் வெள்ளையாக இருந்தது.

இனி எழுதப்போவது நடந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் நான். பெயர் சுவாமிதாஸ். எந்த மாணவனுக்கும் இல்லாத அரை மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டதில்லை. நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதும் பழக்கம் அறுபத்தேழாம் வயதில் எனக்கு வரப்போவதும் இல்லை. பேய் இருட்டில்தான் வரும் என்பார்கள். எனக்கு நேர்ந்தவை அனைத்தும் வெயிலில் நேர்ந்தன. நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் எபனேசர்பட்டி. திருச்சுழிக்குப் போகும் பேருந்தில் வந்து, இறங்கி, கருவேலங்காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் நடக்கவேண்டும். முப்பது வீடுகள் இருந்தன, இப்போது ஒன்பது. மற்றவர்கள் அருப்புக்கோட்டையில் குடியேறிவிட்டார்கள். இறந்தால் அடக்கமும் அங்கேயே. எங்கள் தோட்டத்தில் கடைசியாக அடக்கம் செய்யப்பட்டவள் என் மனைவி ஞானப்பூ. ஆண்டு 2012. நாற்பத்தோராவது கல்லறை அவளுடையது. சுற்றியிருந்த நிலம் முழுவதையும் சூரிய மின்தகடு பதிப்பதற்காக ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. தரிசு என்ற சொல் நிலைத்துவிட்டால் வேலிக்குள் போய்விடுவாள்.

அலுவலகத்துக்குப் போனேன்.

“பெரியவரே, பன்னெண்டு வருசமா ஒரு அடக்கங்கூட நடக்கலையே. சுடுகாடுன்னு எப்படி எழுதுறது?” என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

“கல்லறைத் தோட்டம்” என்று திருத்தினேன்.

“எதுவா இருந்தாலும் புழக்கத்துல இருக்கணும்ல. இல்லைன்னா அளவோட வரைபடம் கொண்டாங்க. மேல இருந்து எடுத்த போட்டோவுல ஒவ்வொண்ணும் தெரியணும். மார்ச் பதினெட்டு கடைசி.”

அன்றிரவு சவூதியின் தம்மாமிலிருந்து என் மகன் ஆலன் தொலைபேசியில் பேசினான். கட்டட வேலையில் சாரம் கட்டுபவன். அவன் மனைவி சுஜிதாவும் ஆறு வயது மகளும் என்னோடு இருக்கிறார்கள்.

“செத்தவுக எடத்துக்கு இம்புட்டு அலையிறீக. உசுரோட இருக்கிற எனக்கு ஒரு ரூம்பு எடுங்கன்னா அடுத்த வருசம்ங்கிறீக.”

“உன் அம்மா அங்கதான்டா இருக்கா.”

“தெரியும்ப்பா. சும்மா சொன்னேன். பாளையம்பட்டியில டிரோன்ல படம் எடுத்து மேப்பு போடச் சொல்லிக்குடுக்குறாகளாம். காசு குடுத்து வேற ஆள வச்சா நீங்க தப்புக் கண்டுபிடிச்சே அவனைக் கொன்னுருவீக. நீங்களே போய்ப் படிங்க. ஃபெயிலாயிராதீக.”

போனேன்.

விசைத்தறிக் கூடத்துக்கு மேல்மாடியில் அந்தப் பயிற்சி நிலையம். கீழே தறிகள் நாள் முழுவதும் டக்கு டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். மேலே ரிஸ்வானா பாடம் நடத்துவார். வீரசோழன் ஊர்க்காரர், நாற்பதைத் தாண்டியவர், கணவர் கத்தாரில். என்னிடம் படித்தவர் அல்லர். அதனால் என்னிடம் பயமும் இல்லை.

அவர் கற்பித்தவை எளியவை. டிரோன் நேர்கோட்டில் பறந்துகொண்டே படம் எடுக்கும். ஒரு படத்தில் உள்ள நிலத்தில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் இருக்கவேண்டும். நிலத்தின் நான்கு மூலைகளிலும் சுண்ணாம்புத் தூளால் கூட்டல் குறி இடவேண்டும். குறிகளுக்கு இடையே உள்ள தூரத்தை நாடாவால் அளந்து, படத்தில் உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் அளவுத்திட்டம் கிடைக்கும். அதன்பின் படத்தில் உள்ள எதையும் அளக்கலாம்.

உயரத்தை அறிய வேறு வழி. அடுத்தடுத்த இரண்டு படங்களைப் அருகருகே வைத்து, நான்கு கால்கள் கொண்ட ஒரு சிறு கண்ணாடிச் சட்டத்தின் வழியே பார்க்கவேண்டும். ஸ்டீரியோஸ்கோப் என்பது அதன் பெயர். இடக்கண்ணுக்கு ஒரு படம். வலக்கண்ணுக்கு ஒரு படம். சிறிது நேரத்தில் இரண்டும் ஒன்றாகி, தட்டையான படத்திலிருந்து வீடும் மரமும் எழுந்து நிற்கும்.

“கம்ப்யூட்டரே எல்லாம் பண்ணிரும் சார். ஆனா மொதல்ல கண்ணு பழகணும்” என்றார். இன்னொன்றும் சொன்னார். “மேல இருந்து பாத்தா ஆளுக்குத் தலை மட்டுந்தான். ஆளு எப்படின்னு நெழலுதான் சொல்லும்.”

பிப்ரவரி 24, சனிக்கிழமை, பகல் 12.10. முதல் பறப்பு. உச்சி வேளையில் நிழல் குறுகிவிடும். ஒரு கல்லறையின் நிழல் இன்னொன்றை மறைக்காது. அதற்காகவே அந்த நேரம். ரிஸ்வானா டிரோனை ஆயத்தம் செய்ய, நான் குனிந்து சுண்ணாம்புக் குறி இட்டுக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அழகுத்தாய் வந்து நின்றார்.

“என்ன சார், கல்லறைக்குக் கோலமா? மார்கழி போயி மாசி வந்துருச்சே.”

“அளக்கிறோம்மா.”

“அளங்க அளங்க. மம்பட்டி போடுறது யாரு? ரெண்டு நாளா மத்தியானத்துல சத்தம் கேக்குதே.”

மண்வெட்டியோடு யாரும் இல்லை என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 26, மாலை 4.15. பயிற்சி நிலையத்தில் கண்ணாடிச் சட்டத்தின் வழியே முதன்முதலாக எங்கள் தோட்டத்தைப் பார்த்தேன். படங்கள் ஒன்றாயின. நிலம் ஆழம் கொண்டது.

எல்லாக் கல்லறைகளும் திறந்து கிடந்தன.

வரிசை வரிசையாகக் குழிகள். எண்ணினேன். நாற்பத்திரண்டு.

நான் சொன்னதும் ரிஸ்வானா சிரித்துவிட்டார். “இடது படத்தை வலப்பக்கம் வச்சிட்டீக சார். மாத்தி வச்சா மேடெல்லாம் பள்ளமாத் தெரியும். புதுசாப் படிக்கிற எல்லாரும் பண்ற தப்புதான். ஆனா ஒரே நாள்ல ஊரையே தோண்டிப் போட்டது நீங்கதான்.”

படங்களை இடம் மாற்றி வைத்தார். மீண்டும் பார்த்தேன். குழிகள் மேடுகளாக எழுந்தன. ஒவ்வொன்றாக எண்ணினேன். நாற்பத்தொன்று.

ஞானப்பூவின் கல்லறைக்கு வலப்பக்கம் ஒன்று மட்டும் எழவில்லை. அது குழியாகவே இருந்தது.

ரிஸ்வானா பார்த்தார். படங்களை மாற்றினார். திரும்பவும் மாற்றினார். மற்றவை மேடாகும், பள்ளமாகும். அது மட்டும் எப்படி வைத்தாலும் குழி.

“அப்படி வராதே சார்...” என்றார். அப்போது மின்சாரம் போனது. கீழே அத்தனை தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன.

மின்சாரம் வந்தபின் கணினியில் ஆழம் பார்த்தார். முப்பது சென்டிமீட்டர்.

மறுநாள் காலை அந்த இடத்துக்குப் போனேன். குழி இல்லை. பாளம் பாளமாக வெடித்த கரிசல் மண். வெடிப்புகள் முறியாமல் ஓடின. காலால் உதைத்துப் பார்த்தேன். கல்லைப் போல் இருந்தது.

முதல் பறப்பு வீணாயிற்று. காற்று சுண்ணாம்பைக் கலைத்திருந்ததால் அளவுத்திட்டம் சரியாக வரவில்லை. மார்ச் 2, சனிக்கிழமை, 12.10. இரண்டாம் பறப்பு. அதுவும் வீண். அழகுத்தாயின் ஆடுகள் இரண்டு குறிகளின்மேல் படுத்துக்கொண்டன. ஆனால் குழி தெளிவாக இருந்தது. ஆழம் எழுபது சென்டிமீட்டர்.

மார்ச் 9, சனிக்கிழமை, 12.10. மூன்றாம் பறப்பு. சுண்ணாம்புக்குப் பதிலாக வெள்ளைத் துணிகளை விரித்து, மூலைகளில் கல் வைத்தோம். எல்லாம் சரியாக அமைந்தது. அளவுத்திட்டம் கிடைத்தது. ஒவ்வொரு கல்லறையையும் அளந்து தாளில் வரைந்தேன். கடைசியாக அந்தக் குழியை அளந்தேன்.

நீளம் இரண்டு மீட்டர் முப்பது. அகலம் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர். ஆழம் ஒன்று இருபது.

மனைவியின் கல்லறைக்கு வலப்பக்கம் கணவனுக்கு உரிய இடம். ஆகவே அது எனக்கு என்று எடுத்துக்கொண்டேன். அச்சம் வரவில்லை. ஞானப்பூ போனபின் எனக்கு எதுவும் பெரிதாக வருவதில்லை. சிறிது முறையாகக்கூடத் தோன்றியது. ஒன்றுமட்டும் பொருந்தவில்லை. நான் ஐந்தடி மூன்று அங்குலம். எனக்கு எதற்கு இவ்வளவு நீளம்?

“சார்” என்றார் ரிஸ்வானா. திரையில் விரலை வைத்தார். “இந்த நெழலப் பாருங்க.”

பகல் பன்னிரண்டு பத்து. கற்சிலுவைகளின் நிழல் வடக்கே ஒரு சாண்தான் விழுந்திருந்தது. குழியின் விளிம்பிலிருந்து ஒரு நிழல் மட்டும் நேர் கிழக்கே நீண்டு கிடந்தது. தலை, தோள், இரண்டு கை. கையில் ஒரு மண்வெட்டி. நிழல் தொடங்கும் இடத்தில் ஆள் இல்லை.

“இது சாயங்கால நெழலு சார். தோள் அகலம் மாறாது, நீளந்தான் மாறும். ஆளு ஒசரத்துக்கு மூணரை மடங்கு இருக்கு.” கணக்குப் போட்டார். இருமுறை போட்டார். “இந்த மாசத்துல அஞ்சு இருபதுக்குத்தான் இப்படி விழும்.”

எனக்கு வரைபடம் வேண்டும். இல்லாத குழியோடும் ஆளில்லாத நிழலோடும் படத்தைக் கொடுத்தால், போலி என்று தூக்கி எறிவார்கள். இன்னும் ஒன்பது நாட்கள். ஐந்து இருபதுக்கே ஒரு படம் எடுத்து, அங்கே ஒன்றும் இல்லை என்று காட்டிவிடலாம் என்றேன்.

ரிஸ்வானா நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு, “வியாழக்கெழமை வாரேன். நோன்பு தொறக்க வீட்டுக்குப் போகணும். அஞ்சரைக்குக் கெளம்பிருவேன்” என்றார்.

மார்ச் 14, வியாழக்கிழமை. மாலை 5.05. ரிஸ்வானா வேப்பமரத்தடியில் டிரோனோடு நின்றார். அறுபதடி தூரம். நான் அந்த இடத்துக்கு அருகில் போய் நின்றேன். படத்தில் ஓர் ஆள் இருந்தால் அளவு ஒப்பிட எளிது.

5.11. டிரோன் எழுந்தது. வண்டுபோல் இரைந்தது. மேலே போகப்போக இரைச்சல் தேய்ந்தது.

5.14. ஆடுகள் கத்தவில்லை. காற்று நின்றிருந்தது. என் நிழல் கிழக்கே நீண்டு கிடந்தது.

5.16. சரக்...

மண்வெட்டி மண்ணில் இறங்கும் ஓசை. திரும்பினேன். யாரும் இல்லை.

சரக்... பொத். மண் விழும் ஓசை.

ஓசை என் வலக்காலின் அருகில் இருந்து வந்தது. குனிந்து பார்த்தேன். வெடிப்புகள் அப்படியே இருந்தன. ஒரு மண்கட்டிகூட அசையவில்லை.

சரக்... பொத்.

சரக்... பொத்.

யாரோ அவசரமாக வெட்டினார்கள்.

5.18. “சார்!” ரிஸ்வானாவின் குரல். “பக்கத்துல யாரு?”

“யாரும் இல்லம்மா.”

“ரெண்டு நெழல் தெரியுது சார்...”

கீழே பார்த்தேன். என் நிழல் ஒன்றுதான்.

“உங்களவிட ஒசரம் சார்... தள்ளி வாங்க.”

நான் தள்ளிப் போகவில்லை.

சரக்...

சரக்...

5.20.

ஓசை நின்றது.

அவ்வளவுதான்.

ரிஸ்வானா டிரோனை இறக்கிப் பெட்டியில் வைத்தார். பூட்டு இரண்டுமுறை தவறியது. “படத்தை நாளைக்குப் பாப்போம்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நான் வீட்டுக்கு நடந்தேன். சுஜிதா காப்பி கொடுத்தாள். குடித்தேன்.

7.40. தொலைபேசி மணி. தம்மாமிலிருந்து ஆலனோடு தங்கியிருந்த மணிகண்டன். அழுதுகொண்டே பேசினார். சாரம் சரிந்துவிட்டது. ஏழாவது மாடி.

“எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன்.

“சார்?”

“விழுந்தது எத்தனை மணிக்கு?”

“மத்தியானம்... ரெண்டு அம்பது சார்.”

அங்கிருந்து இங்கே இரண்டரை மணி நேரம் கூட்டவேண்டும். கூட்டினேன்.

சுஜிதா கதவருகில் நின்றிருந்தாள். “யாரு மாமா? அவுகளா?” என்றாள். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. சொற்றொடரைச் சரியாக முடித்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

வரைபடத்தை ரிஸ்வானாவே மார்ச் 18 அன்று கொண்டுபோய்க் கொடுத்தார். நாற்பத்தொரு கல்லறைகள். குழியை அவர் வரையவில்லை; மாலையில் எடுத்த படத்தை நான் கேட்டுப் பார்க்கவும் இல்லை. அலுவலகம் பதில் தரவில்லை.

ஆலனின் உடல் ஏப்ரல் 3 அன்று மதுரைக்கு வந்தது. அடக்கத்துக்குக் குழி வெட்டக் கோட்டைச்சாமியும் இன்னொருவரும் வந்தார்கள். நான் ஞானப்பூவின் அருகில் வெட்டவேண்டாம் என்றேன். கிழக்கு வரிசையில் ஓர் இடத்தைக் காட்டிவிட்டு விமான நிலையத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது குழி ஞானப்பூவின் வலப்பக்கம் இருந்தது.

நான் கேட்கவில்லை. எட்டு நாள் கழித்துக் கோட்டைச்சாமியே வந்து வாசலில் நின்றார்.

“சார், மன்னிச்சிருங்க. நீங்க சொன்ன எடத்துல ஒன்றரை அடியில பாறை. கடப்பாறையே முறிஞ்சிருச்சு. சரின்னு அம்மா பக்கத்துல போட்டேன். பங்குனி வெயில்ல கரிசலு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு ஆளு, நாலு மணி நேர வேலை.” நிறுத்தினார். “இருவது நிமிசம் சார். மம்பட்டி மட்டும்தான். பொலபொலன்னு வந்துச்சு. யாரோ வெட்டி, திரும்ப மூடி வச்ச மண்ணு அது. நாங்க நீளத்தக்கூட அளக்கலை. எளகுன மண்ணு எதுவரைக்கும் இருந்துச்சோ அதுவரைக்கும் எடுத்தோம். வெளிநாட்டுப் பொட்டி பெருசுல்ல... கச்சிதமா எறங்குச்சு.”

பெட்டியின் மேல் அளவு அச்சிட்டிருந்தது. நான் பார்த்திருந்தேன். இரண்டு மீட்டர் இருபது.

ஏப்ரல் 22 அன்று உத்தரவு வந்தது. ‘அண்மையில் அடக்கம் நடைபெற்றுள்ளதால், மேற்படி நிலம் பயன்பாட்டில் உள்ள கல்லறைத் தோட்டம் என வகைப்படுத்தப்படுகிறது.’ பிழை ஒன்றும் இல்லை. இருமுறை படித்தேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

இறுதி வரைபடத்துக்குப் புதிய படங்கள் வேண்டும் என்றார்கள். மே 11, சனிக்கிழமை, பகல் 12.10. ரிஸ்வானா தனியாக வந்து எடுத்துக்கொண்டு போனார். வரைபடத்தைத் தாமே வரைந்து நேரே அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். எனக்குக் காட்டவில்லை. நான்காம் நாள் தொலைபேசியில் அழைத்தேன்.

“படங்களை அழிச்சிட்டேன் சார்” என்றார்.

“எத்தனை இருந்துச்சும்மா?”

பின்னால் தறி ஓசை கேட்டது.

“கம்ப்யூட்டரு என்ன காட்டுச்சோ அதத்தான் வரைஞ்சேன். மேப்புல அழிச்சு அழிச்சுப் பாத்தேன் சார், திரும்ப வருது. நீங்க போய்ப் பாக்காதீக. பேத்திய நல்லாப் பாத்துக்கிடுங்க.”

அதன்பின் அவர் என் அழைப்பை எடுக்கவில்லை. பயிற்சி நிலையம் பூட்டிக் கிடக்கிறது.

அந்த வரைபடம் அலுவலகத்தின் பலகையில் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டப்பட்டிருக்கிறது. பேருந்தில் போனால் நாற்பது நிமிடம். நான் போகவில்லை. வாசல்வரை போகிறேன், திரும்பிவிடுகிறேன்.

ஆகவே இதை வாசிக்கும் உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் போங்கள். ஒரு கல்லறைக்கு ஒரு சிறு செவ்வகம். ஆலனோடு சேர்த்து நாற்பத்திரண்டு இருக்கவேண்டும். நிதானமாக எண்ணுங்கள். நாற்பத்திரண்டு என்றால் எனக்கு எழுதவேண்டாம். கூடுதலாக ஒன்று இருந்தால் ஆறுதல் எழுதாதீர்கள், விளக்கம் எழுதாதீர்கள். வரைபடத்தின் அடியில் அளவுத்திட்டம் கொடுத்திருப்பார்கள். என் வீட்டில் இப்போது மூவர் இருக்கிறோம். மூவரும் மூன்று உயரம்.

அளவுகோலை வைத்து, அதன் நீளத்தை மட்டும் அளந்து எழுதுங்கள்.